பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு எந்த ஷூ?

நம் ஊர்க் கச்சேரி மேடையில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வித்வான் ஏறுவார். அமெரிக்க நாட்டுப்புற இசையின் தலைநகரான நாஷ்வில்லில் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவருக்கு நிலைமை நேர்மாறு. அன்றைக்குக் காலில் என்ன போட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்து வாசிப்பு மாறும். சரியில்லாத ஷூவோடு உட்கார்ந்தால் தேர்ந்த கலைஞருக்கும் சுருதி பிசகும். இசைக்கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மரத்தையும் தந்தியையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். காலணி என்றால் ‘சௌகரியமானதைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்தச் ‘சௌகரியம்’ எது என்பதில்தான் குழப்பமே இருக்கிறது.

கருவியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இது மடியில் வைத்தோ தோளில் மாட்டியோ வாசிக்கும் கிட்டார் அல்ல. நான்கு கால் உள்ள மேசை போல நிற்கும்; வாசிப்பவர் அதன் முன் இருக்கையில் உட்காருவார். தட்டையாகக் கிடக்கும் தந்திகள் மேல் இடது கையால் உருக்குத் தண்டு ஒன்றை நகர்த்தி, வலது கை விரல்களில் மாட்டிய நகங்களால் மீட்டுவார். பெரும்பாலும் ஒரு கழுத்துக்குப் பத்துத் தந்தி. ஒரு கழுத்து உள்ளவையும் உண்டு, இரண்டு கழுத்து உள்ளவையும் உண்டு. இரண்டு இருந்தால் ஒன்று ஈ-9 சுருதியிலும் மற்றது சி-6 சுருதியிலும் இருப்பது வழக்கம். கீழே தரையை ஒட்டி வரிசையாக மிதிகள். மேலே முழங்காலின் இருபுறமும் லீவர்கள். மிதியை அமுக்கினால் குறிப்பிட்ட தந்திகள் மட்டும் அரை ஸ்வரமோ முழு ஸ்வரமோ ஏறும். லீவரை முழங்காலால் தள்ளினால் வேறு தந்திகள் ஏறும் அல்லது இறங்கும். நம் பழைய நாடக மேடைகளில் ஒலித்த கால் ஹார்மோனியத்தில் கால் காற்றை மட்டும்தான் ஊதித் தந்தது, ஸ்வரம் விரலுக்கே உரியது. இங்கே கால் ஸ்வரத்தையே மாற்றுகிறது.

இந்தக் கருவியின் மூதாதை ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுகு பிரபலப்படுத்திய, மடியில் வைத்து வாசிக்கும் கிட்டார். அதே ஹவாய்க் கிட்டார்தான் இந்தியாவுக்கும் வந்து, பிரிஜ் பூஷண் காப்ரா கையில் ராகம் வாசிக்கும் கருவியாகி, பின்னர் விஷ்வ மோகன் பட்டின் மோகன வீணையாகவும் உருவெடுத்தது. அந்தக் கிளையில் மிதி கிடையாது என்பதால் காலணிக்கும் வேலையில்லை. அமெரிக்கக் கிளையில்தான் கால் நுழைந்தது. 1940-களில் மிதி வைத்த கிட்டார்கள் வந்துவிட்டன என்றாலும், முதலில் மிதியைச் சுருதி மாற்றிக்கொள்ளும் சாதனமாகத்தான் பயன்படுத்தினார்கள். ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியின் மேலேயே மிதியை அமுக்கி, ஸ்வரம் வளைவது காதில் விழும்படி பட் ஐசக்ஸ் வாசித்தது 1954-இல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டு வெற்றி பெற்றபோது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பாட்டுக்குப் பிறகு ஸ்டீல் கிட்டார்க்காரர்கள் எல்லோருக்கும் மிதி தேவைப்பட்டது. 1960-களில் முழங்கால் லீவர்களும் வழக்கத்துக்கு வந்தன. பாதத்தின் ஒவ்வோர் அசைவும் இசையின் ஓர் அங்கமாகிவிட்ட காலம் அதுதான்.

இனி ஒவ்வொரு காலுக்கும் என்ன வேலை என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இரண்டு கால்களுக்கும் ஒரே வேலை இல்லை.

இடது கால் மிதிகளுக்கு உரியது. ஈ-9 சுருதியில் ‘ஏ’ மிதி ஐந்தாம், பத்தாம் தந்திகளை முழு ஸ்வரம் உயர்த்தும். ‘பி’ மிதி மூன்றாம், ஆறாம் தந்திகளை அரை ஸ்வரம் உயர்த்தும். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் ஈ மேஜர் அப்படியே ஏ மேஜராக மாறும். நாட்டுப்புறப் பாட்டுகளில் நாம் கேட்கும் அந்த ஏங்கும் ஒலியில் பெரும்பங்கு இந்த இரண்டு மிதிகளுடையது. ஒரே பாதத்தால் இரண்டையும் அமுக்கி, பிறகு ஒன்றை விடாமல் மற்றதை மட்டும் மெல்ல விட வேண்டும். அதைச் செய்வது கணுக்கால். குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, எடையைப் பெருவிரல் பக்கமோ சுண்டுவிரல் பக்கமோ மாற்றுவார்கள்.

இங்கே ஒரு பழைய வழக்கு உண்டு. ஸ்டீல் கிட்டார்க் கலைஞர் பட்டி எம்மன்ஸ் (1937–2015) பெயரால் வழங்கும் அமைப்பில் மிதிகள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி. இன்னொரு கலைஞர் ஜிம்மி டே (1934–1999) பெயரால் வழங்கும் அமைப்பில் சி, பி, ஏ. எம்மன்ஸ் முறையில் ‘பி’-யைப் பிடித்துக்கொண்டு ‘ஏ’-வை விட, பாதம் உட்பக்கம், அதாவது பெருவிரல் பக்கம் சாய வேண்டும். டே முறையில் அதே வேலைக்குப் பாதம் வெளிப்பக்கம் சாயும். மனிதக் கணுக்காலுக்கு அடிப்பாதம் உள்நோக்கித் திரும்பும்படி வெளிவிளிம்பில் சாய்வதுதான் சுலபம். எதிர்ப்பக்கம் சாயும் அளவு குறைவு. டே முறைக்காரர்கள் இதைத் தங்கள் கட்சிக்குச் சான்றாகச் சொல்வார்கள். எம்மன்ஸ் முறையினரோ, ‘ஏ’ மிதியோடு சேர்த்து முழங்காலை இடப்பக்கம் தள்ள வேண்டிய இடங்களில் தங்கள் அமைப்பே இயல்பு என்பார்கள். உலகில் பெரும்பாலோர் எம்மன்ஸ் முறையில்தான் வாசிக்கிறார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. ஷூ விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்லலாம். எம்மன்ஸ் முறைக்காரருக்குக் கணுக்கால் சாயும் எல்லை ஏற்கெனவே குறைவு என்பதால், கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் எந்தக் காலணியும் அவரை அதிகமாகத் தண்டிக்கும்.

வலது கால் வால்யூம் பெடல் மேல் இருக்கும். பெயரைப் பார்த்து, ஒலியைக் கூட்டிக் குறைக்க மட்டும்தான் அது என்று நினைத்துவிடக் கூடாது. மீட்டிய தந்தியின் ஒலி தேயத் தேய, பெடலை மெல்ல மெல்லத் திறந்து அந்த ஸ்வரத்தை ஒரே அளவில் நிறுத்திவைப்பதுதான் அதன் உண்மையான பணி. ஆகவே வலது பாதத்துக்குப் பாட்டு முழுக்க ஓய்வே கிடையாது. அதே நேரத்தில் வலது முழங்கால் இடமும் வலமும் ஆடி லீவர்களைத் தள்ள வேண்டும். முழங்கால் ஆடும்போது பாதமும் ஆடினால் ஒலி ஏறி இறங்கிவிடும். எனவே வலது ஷூ பெடலை விட்டு வழுக்கக் கூடாது. ஆனால் ஒட்டிக்கொண்டு முழங்காலைக் கட்டிப்போடவும் கூடாது.

மிதிக்கு மிதி நகர இடதுக்கு வழுக்கு வேண்டும், வலதுக்குப் பிடிப்பு வேண்டும். ஒரே ஜோடி ஷூவிடம் எதிரெதிரான இரண்டு குணங்களைக் கேட்கிறோம். நான் பார்த்த ஆலோசனைகளில் பெரும்பாலானவை இந்த முரணைக் கவனிக்காமல் ‘ரப்பர் சோல் நல்லது’, ‘தோல் சோல் நல்லது’ என்று ஒற்றைத் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன.

அடுத்த சிக்கல் குதியின் உயரம். பல பேருக்கு இது தோன்றுவதே இல்லை. உட்கார்ந்திருக்கும்போது குதிகால் தரையில் இருக்கிறது. ஷூவின் குதி ஒன்றரை அங்குலம் என்றால் முழங்காலும் ஏறக்குறைய அந்த அளவு மேலே போகும். லீவர்கள் தொங்குவது முழங்காலை ஒட்டி. அவற்றில் ஒன்று முழங்காலுக்கு நேர் மேலே இருந்து, முழங்காலைத் தூக்கினால் வேலை செய்யும் வகை. வீட்டில் சாக்ஸோடு பயிற்சி செய்துவிட்டுச் சனிக்கிழமை இரவு மேடைக்கு உயர்ந்த குதி பூட்ஸில் போனால், தொடை கிட்டாரின் அடியில் முட்டும், அந்த மேல் லீவர் கேட்காமலே அமுங்கும், பக்க லீவர்கள் தொடையின் வேறோர் இடத்தில் படும். கருவியில் ஏதோ கோளாறு என்று பலர் அப்போது திருகாணியைத் தேடுவார்கள். கோளாறு காலில் இருக்கிறது.

இனி ஒவ்வொன்றாக வருவோம். முதலில் கௌபாய் பூட்ஸ், ஏனென்றால் இந்த இசையின் சீருடையே அதுதான். டென்னசி மலைகளில் பிறந்த இசைக்கு மேற்கத்திய மாடுமேய்ப்பவரின் பூட்ஸ் எப்படி வந்தது என்றால், 1930-களிலும் 40-களிலும் ஜீன் ஆட்ரி, ராய் ராஜர்ஸ் போன்ற பாடும் கௌபாய்களின் சினிமா வழியாக என்றுதான் சொல்ல வேண்டும். அந்த பூட்ஸின் ஒவ்வொரு அங்கமும் குதிரைச் சேணத்தின் அங்கவடிக்காக உருவானது. கூர் முனை, அங்கவடியைச் சட்டென்று கண்டுபிடிக்க. உயர்ந்த குதி, பாதம் அங்கவடி வழியே நழுவிப் போகாமல் தடுக்க. வழுவழுப்பான தோல் சோல், விழும்போது கால் சிக்காமல் விடுபட. உயர்ந்த கழுத்து, முள்ளும் சேணவாரும் காலை உரசாமல் இருக்க. இவற்றில் இரண்டு அங்கங்கள் மிதிக்காரருக்கும் உதவுகின்றன. கூர் முனை பக்கத்து மிதியைத் தொடாமல் ஒற்றை மிதியை மட்டும் தேடிப் பிடிக்கும். வழுக்கும் சோல் மிதிக்கு மிதி தடையின்றி நகரும். மற்ற இரண்டும் தொல்லை. குதி முழங்காலைத் தூக்குகிறது, விறைப்பான கழுத்து கணுக்காலைச் சாய விடுவதில்லை. வருஷக்கணக்கில் போட்டுப் பழகி, கழுத்து துணிபோல மடங்கும் பழைய பூட்ஸ் என்றால் பாதிக் குறை நீங்கும். ‘ரோப்பர்’ என்று ஒரு வகை உண்டு. கன்றைக் கயிறு வீசிப் பிடித்ததும் குதிரையிலிருந்து குதித்து ஓட வேண்டியவர்களுக்காகச் செய்தது. அதில் குதி தாழ்வு, கழுத்து குட்டை. மேடையில் பூட்ஸ்தான் வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை அதுவே.

அடுத்தது ஓட்டப் பயிற்சி ஷூ. சௌகரியம் என்றதும் எல்லோரும் இதைத்தான் நினைக்கிறார்கள், இந்தக் கருவிக்கு இதைவிடப் பொருந்தாதது இல்லை. அடியில் இருக்கும் பஞ்சு ரப்பர், கால் அமுக்கும்போது முதலில் தான் அமுங்கும், பிறகுதான் மிதி அமுங்கும். மிதியைப் பாதி வரை அமுக்கி ஸ்வரத்தை நடுவழியில் நிறுத்தும் நுட்பம் இதில் தெரியவே தெரியாது. மிதி எங்கே தட்டி நிற்கிறது என்பதும் பாதத்துக்குத் தெளிவாக வராது. சோல் பாதத்தைவிட அகலமாக வெளியே பரவியிருப்பதால் இரண்டு மிதி வேண்டிய இடத்தில் மூன்றாவதும் அமுங்கும். ஆழமான பள்ளங்கள் மிதியின் விளிம்பில் சிக்கும். நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் இருக்கிற சௌகரியம் உட்கார்ந்து மிதிப்பவருக்குச் சௌகரியம் ஆகாது.

தட்டையான கேன்வாஸ் ஷூ இதைவிட எவ்வளவோ மேல். சோல் மெல்லியது, கணுக்காலுக்கு மேல் வராத வகையும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் புதிய ரப்பர் இடது காலை மிதியில் ஒட்டிப் பிடிக்கும். அடி தேய்ந்து மழமழவென்று ஆன பழைய ஜோடிதான் நல்லது. முனையில் ரப்பர் பட்டை தடித்துச் சுற்றியிருந்தால் அதுவும் அகலத்தைக் கூட்டும்.

கோட்டுக்குப் போடும் சாதாரணத் தோல் ஷூவை ஒருவரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேச வேண்டும். மெல்லிய தோல் சோல், ஒரு அங்குலத்துக்குள் குதி, ஒடுங்கிய முனை, கணுக்காலுக்குக் கீழே முடியும் வாய் என்று நாம் கேட்கும் குணங்களில் பெரும்பாலானவை அதில் ஏற்கெனவே உள்ளன. கௌபாய் தோற்றம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ‘ஹவுஸ் ஆஃப் காட்’ என்ற ஆப்பிரிக்க அமெரிக்கத் தேவாலயங்களில் ஸ்டீல் கிட்டார் வழிபாட்டின் நடுநாயகம். அங்கிருந்துதான் ராபர்ட் ராண்டால்ப் போன்றவர்கள் உலக மேடைக்கு வந்தார்கள். கௌபாய் வேடத்துக்கும் இந்தக் கருவிக்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை என்பதற்கு அந்தத் தேவாலயங்களே சாட்சி. தோல் ஷூ வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். சோலின் விளிம்பு மேல் தோலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அப்படி நீட்டினால் பாதம் சாயும்போது ஒரே சீராகச் சாயாமல், ஒரு கணம் விளிம்பில் நின்று பிறகு கவிழும். அந்தக் கவிழ்தல் ஸ்வரத்தில் கேட்கும்.

மிதியோடு வாழ்கிற இன்னொரு கூட்டம் பைப் ஆர்கன் வாசிப்பவர்கள். அவர்கள் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். ஆர்கனுக்கென்றே செய்யும் ஷூவில் ஸ்வேட் தோல் சோல், சுமார் ஒன்றேகால் அங்குலக் குதி, ஒடுங்கிய வடிவம். ஸ்வேடின் சிறப்பு, அது வழுக்கவும் செய்யும், நின்ற இடத்தில் நிற்கவும் செய்யும். மேலே சொன்ன இடது-வலது முரணுக்கு ஒரே பொருளில் கிடைக்கும் சமரசம் அதுதான். ஆர்கன் கலைஞர்கள் அந்த ஷூவைத் தெருவில் போடுவதில்லை. மண்ணும் ஈரமும் சோலில் ஏறினால் மிதி கெடும், பிடிப்பும் மாறும். ஜாஸ் நடன ஷூவும் ஏறக்குறைய இதே குடும்பம். ஆனால் அதன் சோல் மிக மெல்லியது என்பதால் மிதியின் உலோக விளிம்பு உள்ளங்காலில் உறுத்தும். மொக்காசின் ஷூவுக்கும் இதே நிறை குறை. பாதத்துக்கும் மிதிக்கும் நடுவே எதுவும் இல்லாதது போன்ற உணர்வு தரும். இரண்டு மணி நேரம் போனதும் பாதம் வலிக்கும்.

பௌலிங் ஷூ என்று ஒரு விசித்திரமான யோசனையும் உண்டு. வலது கையால் பந்து உருட்டும் தேர்ந்த ஆட்டக்காரரின் ஷூவில் இடது சோல் வழுக்கும், வலது சோல் பிடிக்கும். நமக்கு வேண்டியது அப்படியே! ஆனால் வாடகைக்குக் கிடைக்கும் ஜோடிகளில் இந்த வேறுபாடு இருக்காது. வடிவமும் சற்று அகலம். அந்த யோசனையின் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நல்ல தோல் ஷூவை ரிப்பேர்க் கடையில் கொடுத்து வலது சோலில் மட்டும் மெல்லிய ரப்பர் ஒட்டித் தரச் சொல்லலாம். செலவு குறைந்த வழி இது. ரப்பர் மெல்லியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு முழங்கால்களும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும்.

வெறுங்காலோடும் சாக்ஸோடும் வாசிப்பவர்கள் நிறைய. உணர்வு என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால் வெறுங்காலை எந்த ஷூவும் வெல்ல முடியாது. சாக்ஸ் பளபளப்பான அலுமினிய மிதியில் வழுக்கிவிடும். அடியில் ரப்பர்ப் புள்ளிகள் உள்ள சாக்ஸ் அந்தக் குறையைத் தீர்க்கும். வீட்டில் எதுவும் பரவாயில்லை. மேடையில் நான் சம்மதிக்க மாட்டேன். காரணம் மின்சாரம். மின் கிட்டாரின் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் சரியில்லாத பழைய ஆம்ப்ளிஃபயரோ தவறாக இணைத்த மைக்கோ இருந்து, ஈரமான திறந்தவெளி மேடையில் வெறுங்காலோடு கையைத் தந்தியில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. ரப்பர் சோல் எர்த்துக்கு மாற்று ஆகாது. இருந்தாலும் வெறுங்காலுக்கு அது எவ்வளவோ மேல். சர்க்கரை நோயால் பாதத்தில் மரமரப்பு உள்ளவர்களும் வெறுங்காலைத் தவிர்க்க வேண்டும். மிதியின் விளிம்பு கிழித்தால் கூடத் தெரியாமல் போகும். புண் ஆறவும் நாளாகும்.

குதியே இல்லாத தட்டை ஷூதான் எல்லோருக்கும் நல்லது என்று இதைப் படித்துவிட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. மிதிகள் தரையிலிருந்து உயர்ந்து நிற்பவை. குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை மிதிமேல் வைத்தால் கணுக்கால் மேல்நோக்கி மடங்கியே இருக்கும். கெண்டைக்கால் தசை இறுகியவர்களுக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, அது வலியைத் தரும். முன்காலெலும்பை ஒட்டிய தசையும் விரைவில் களைக்கும். அவர்களுக்கு முக்கால் அங்குலம், ஒரு அங்குலக் குதி பெரிய உதவி. வால்யூம் பெடலிலும் இதே கணக்குத்தான். உயரமான பெடல் வைத்திருப்பவருக்குச் சற்றுக் குதி வேண்டியிருக்கும். தாழ்ந்த பெடலுக்கு மாறினால் குதி தேவைப்படாது. பாதம் மிக நீளமானவருக்கு வேறொரு தொல்லை. ஷூவின் முனை மிதியிலிருந்து மேலேறும் கம்பியில் இடிக்கும். அவர் முனை நீண்ட கூர் வகையை விட்டுவிட்டு, விரலை ஒட்டி முடியும் உருண்டை முனையைத் தேட வேண்டும்.

தரையையும் மறந்துவிடக் கூடாது. பலர் மேடையில் கிட்டாருக்கு அடியில் சிறு விரிப்பு போடுவார்கள். கால் சுழலும் அச்சு குதிகால். ரப்பர்க் குதி விரிப்பில் பிடித்துக்கொண்டால் சுழலாது. தோல் குதி பளிங்குத் தரையில் ஊன்றாது. சோலும் விரிப்பும் சேர்ந்ததுதான் பிடிப்பு. ஷூவை மாற்றிப் பார்த்து அலுத்தவர்கள் விரிப்பை மாற்றிப் பார்த்தால் சில சமயம் தீர்வு கிடைக்கும்.

இத்தனையையும் எடைபோட்டுப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: எந்த ஷூ என்பதைவிட எப்போதும் அதே ஷூவா என்பதே முக்கியம். பெடல் ஸ்டீல் கிட்டாரில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆளுக்கேற்றபடி மாற்றலாம். கால்களின் உயரத்தைக் கூட்டலாம். அப்படிக் கூட்டினால் மிதிக் கம்பிகளையும் அதே அளவு நீட்ட வேண்டும். லீவரின் இடத்தையும் சாய்வையும் நகர்த்தலாம், இருக்கையை ஏற்றி இறக்கலாம். அளவெடுக்கும் நேரத்தில் காலில் இருந்தது எதுவோ அதுவும் அந்த அளவுக்குள் அடக்கம். பூட்ஸ் போட்டு அளவு வைத்தவருக்கு பூட்ஸ்தான் சரியான ஷூ. அவரிடம் போய் ஸ்வேட் சோலின் பெருமையைப் பேசிப் பயனில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு மட்டுமே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் முழுதாக இருக்கிறது. அவர் மெல்லிய தோல் அல்லது ஸ்வேட் சோல், ஒரு அங்குலத்தை மிஞ்சாத குதி, கணுக்காலை விட்டுக் கீழே நிற்கும் வாய் என்று தொடங்கினால் பின்னால் வருந்த மாட்டார்.

கடைக்குப் போகும்போது வெறும் பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு வரைந்து எடுத்துப் போங்கள். ஷூவை அதன்மேல் வைத்து, சோல் கோட்டுக்கு வெளியே எவ்வளவு நீட்டுகிறது என்று பாருங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குங்கள், கச்சேரிகள் நடப்பதும் அந்த நேரத்தில்தான். நின்று பார்க்காதீர்கள், நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றி, பாதத்தை இருபுறமும் சாய்த்துப் பாருங்கள். ஒரு பென்சிலைக் கீழே போட்டு மிதித்து, அதன் பட்டைகள் சோல் வழியே தெரிகின்றனவா என்று பாருங்கள். வாங்கிய ஜோடியைக் கிட்டார்ப் பெட்டியோடு வைத்துவிட்டு, வாசிக்கும்போது மட்டும் போடுங்கள். சோல் தேய்ந்து புது ஜோடி வாங்கும் நாளில், முதல் கச்சேரிக்கு முன்பே லீவர்களின் உயரத்தை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.